பாலைநிலத்தில் ஒரு பொது நூலகம்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவின் நினைவாக ஒரு நூலகக் கட்டடம் எழுப்புவதெனக் கழகம் முடிவு செய்திருக்கின்றது. அக்கட்டடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதுபற்றிச் சில கருத்துகளைக் கூறுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். அரசுக் கட்டடப் பணியில் முப்பதாண்டுகள் கழித்தவன் நான். செங்கல் கணக்கும் சிமெண்டுக் கணக்கும் கூறுவது எனக்கு எளிது. ஆனால் அக்கணக்குகளை எந்த மேற்பார்வையாளரும் கூறிவிடுவார். எனவே, வெயிலின் கொடுமை நம்மூரைக் காட்டிலும் பன்மடங்கு மிகுந்த ஒரு பாலைநில நகரம் தன் மக்களுக்கென ஒரு பொது நூலகத்தை எவ்வாறு அமைத்துக்கொண்டது என்பதை உங்கள் முன் விரித்துரைக்க எண்ணினேன். அந்நகருக்கு நான் சென்றவனல்லன். அக்கட்டடத்தின் வரைபடங்களையும், நிழற்படங்களையும், அதுபற்றி எழுதப்பட்டவற்றையும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்ற உரிமையில் பேசுகின்றேன்.

பாலைநிலத்தில் நூல்கள் இருப்பது புதுமையன்று. ஆப்பிரிக்காவின் சகாராப் பாலைவனத்தில், மாரிடேனியா நாட்டிலுள்ள சிங்குவெட்டி என்னும் பழைய வணிகவழி ஊரில், பன்னூறாண்டுப் பழமையான கையெழுத்துச் சுவடிகள் இன்றும் உள்ளன. கல்லாலும் மண்ணாலும் கட்டிய சுவர்களுக்குள், ஊரை நெருங்கிவரும் மணலோடு போராடிக்கொண்டு அவை பிழைத்திருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் குடும்பங்களின் உடைமை. திறவுகோல் ஒரு குடும்பத்தாரிடம் இருக்கும். அவர்கள் மனமுவந்து திறந்தால் உள்ளே செல்லலாம். பொது நூலகம் என்பது வேறு. அங்கே வருகின்றவன் எவருடைய மனம் உவப்பதையும் எதிர்பார்த்து நிற்க வேண்டுவதில்லை. 'பொது' என்னும் அச்சிறு சொல்லின் விலை நமக்குத் தெரியும். பொதுவழி, பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுக்கட்டடம் ஆகியவற்றில் நம் மக்களுக்குள்ள உரிமையை அரசு ஏற்றறிவிக்கச் செய்வதற்கு இரட்டைமலை சீனிவாசனார் 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர நேர்ந்தது. நூல்களை வைப்பதற்கென்றே பம்பாய்த் தாதரில் இராஜகிருகம் என்னும் இல்லத்தை எழுப்பிய அண்ணல் அம்பேத்கரின் படம் இம்மேடையில் இருக்கின்றது. ஆதலின் இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நான் கூறவந்த நகரம் பீனிக்ஸ். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில், அரிசோனா மாநிலத்தின் தலைநகரம். சொனோரா என்னும் பாலைவனத்தில், உப்பாறு என்று பொருள்படும் சால்ட் ஆற்றை ஒட்டி அமைந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 16 இலட்சம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி 18 சென்டிமீட்டர். சென்னையில் பெய்வதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. 1990 ஜூன் 26ஆம் நாள் அங்கு வெப்பம் 50 டிகிரி செல்சியசைத் தொட்டது. ஹோஹோகம் என்று இன்று குறிக்கப்படும் பழங்குடி மக்கள் அவ்வாற்றிலிருந்து வாய்க்கால்கள் வெட்டிப் பல நூற்றாண்டுகள் அங்கு உழவு செய்தனர். அவர்களின் ஊர்கள் பாழ்பட்டு நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1860களில் வந்த குடியேறிகள் அப்பழைய வாய்க்கால் தடங்களையே மீண்டும் பயன்படுத்தித் தம் ஊரை உண்டாக்கினர். சாம்பலிலிருந்து எழும் கதைப்பறவையின் பெயரை ஊருக்கு இட்டதும் அதனால்தான். வெட்டியவர்களின் பெயர் ஊருக்கு வாய்க்கவில்லை.

நம் முன்னோர் பாலையைத் தனியொரு நிலமாகக் கொள்ளவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது அவர்கள் கொள்கை. பீனிக்சைப் பற்றிப் படிக்குந்தோறும் எனக்கு அக்கொள்கை நினைவுக்கு வரும். இயற்கையான பாலைவனம் பகலில் எரிந்தாலும் இரவில் குளிர்ந்துவிடும். தாரும் கற்காரையும் பரப்பிய நகரமோ பகலில் உண்ட வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்கின்றது. 2023 ஜூலையில் அந்நகரில் தொடர்ந்து 16 இரவுகள் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவேயில்லை. பாலையிலும் கொடிய பாலையை மனிதன் அதன்மேல் ஏற்றிவைத்திருக்கின்றான்.

இந்த ஊருக்குப் புதிய நடுவண் நூலகம் ஒன்று வேண்டும் என்று எண்ணி, அதற்கும் வேறு சில பண்பாட்டுக் கட்டடங்களுக்கும் கடன் பத்திரங்கள் வாயிலாகப் பணம் திரட்டுவதற்கு 1988இல் நகரமக்கள் வாக்களித்து இசைவு தந்தனர். வரைவுப் பணி வில் புரூடர் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கட்டடக்கலையில் பட்டம் பெற்றவரல்லர். கல்லூரியில் சிற்பம் பயின்று, பின்பு கட்டடக் கலைஞர்களிடம் கைப்பழக்கமாகத் தொழில் கற்றவர். சான்றிதழைக் கண்டபின்னரே வாய் திறக்க விடுகின்ற நம் அலுவலகங்களை எண்ணிக்கொண்டு இதனைச் சொல்கின்றேன். 1995 மே மாதத்தில் நூலகம் திறக்கப்பட்டது. அம்மாநிலச் சட்டமன்றத்தில் பல்லாண்டுகள் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக விளங்கிய பர்ட்டன் பார் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. ஐந்து தளங்கள், 2 இலட்சத்து 80 ஆயிரம் சதுர அடி, செலவு ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் டாலர். சதுர அடிக்கு நூறு டாலர் என்பது அந்நாட்டில், அத்தகைய கட்டடத்திற்கு, சிக்கனமான கணக்கேயாகும்.

தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அது ஒரு செந்நிறப் பாறைபோலத் தோன்றும். மேற்புறம் மேசைபோல் தட்டையாயும் பக்கங்கள் செங்குத்தாயும் நிற்கும் மலைகள் அம்மாநிலத்தில் உண்டு. அவற்றின் சாயலை எடுத்துக்கொண்டதாகக் கலைஞர் கூறியிருக்கின்றார். கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் வரிவரியான செப்புத் தகடுகளால் போர்த்தப்பட்டவை. அமெரிக்காவில் செம்பு மிகுதியாகத் தோண்டப்படும் மாநிலம் அரிசோனா. எனவே அது உள்ளூர்ப் பொருள். தோற்றத்தைப்பற்றி இவ்வளவு போதும். அத்தோற்றத்தின் பின்னுள்ள அறிவுதான் நாம் கருத வேண்டுவது.

வெப்பநாட்டில் கட்டடம் கட்டுகின்றவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வெயில் வரத்தான் போகின்றது. அதனை யார் தாங்குவது? நண்பகற் கதிரவன் தலைக்குமேல் நிற்பான். அவனைக் கூரையும் தாழ்வாரமும் தடுத்துவிடும். ஆனால் காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ்ந்துநின்று, கண்ணுக்கு நேராக, கிடையாகச் சுடுகின்றான். எத்துணை அகலமான தாழ்வாரமும் அந்தக் கிடைவெயிலைத் தடுக்காது. மாலையிலோ காற்றும் தரையும் ஏற்கனவே கொதித்துக் கிடக்கும் வேளையில் அது வருகின்றது. ஆதலின் எக்கட்டடத்திலும் மேற்குச் சுவரே துன்பம் மிகுந்த சுவர். அதற்கு உட்புறம் இருப்பவன் துன்பப்படுவான். அவ்விடத்தில் யாரை வைப்பது?

புரூடர் அங்கே ஒருவரையும் வைக்கவில்லை. மாடிப்படிகள், கழிப்பறைகள், குளிரூட்டும் இயந்திரங்கள், காற்றுக் குழாய்கள், மின்கம்பிகள் ஆகிய அனைத்தையும் கட்டடத்தின் நடுவிலிருந்து அகற்றி, கிழக்கிலும் மேற்கிலும் இரு நீண்ட பொதிகளாகத் தொங்கவிட்டார். குதிரைச் சேணத்தின் இருமருங்கும் தொங்கும் பைகளின் பெயராலேயே அங்கு அவற்றை அழைக்கின்றனர். நாம் பொதிமாட்டை நினைத்துக்கொள்ளலாம். செப்புத் தகடு வெயிலை முதலில் ஏற்கும். அதன் பின்னுள்ள பொதியறைகள் எஞ்சிய வெப்பத்தை ஏற்கும். அதற்கப்பால் உள்ள கற்காரைச் சுவரைக் கடந்து படிப்போனைச் சேர்வது மிகச் சிறிதளவே. மாடிப்படியில் ஒருவன் நிற்பது அரை நிமிடம். இயந்திரத்திற்கு வியர்வை இல்லை. மற்றொரு பயனும் இதனால் விளைந்தது. படியும் குழாயும் இடையில் குறுக்கிடாமையால் ஒவ்வொரு தளமும் ஒரே வெளியாக விரிந்து கிடக்கின்றது. அலமாரிகளை நாளை வேறு வரிசையில் வைக்கலாம். இருபதாண்டு கழித்துக் கணிப்பொறிகளை வைக்கலாம். அவற்றையும் பின்னர் அகற்றலாம்.

இவ்வளவுதானா என்று உங்களிற் சிலர் எண்ணலாம். வரைபடத்தைப் பார்த்தபோது எனக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. நம்முடைய ஊர்களை வரைந்தவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டனர்: தாழ்ந்த நிலம் இருக்கின்றது, வெள்ளம் வரும் பள்ளம் இருக்கின்றது, ஊர்க்கழிவு சென்று சேரும் பக்கம் இருக்கின்றது; அவ்விடத்தில் யாரை வைப்பது? அவர்கள் கண்ட விடை நமக்குத் தெரியும். பீனிக்சும் அதே விடையைக் கண்ட ஊர்தான். அந்நகரின் நடுவே கிழக்கு மேற்காக இருப்புப்பாதை செல்கின்றது. அதற்குத் தெற்கே, ஆற்றுவெள்ளம் ஏறக்கூடிய தாழ்ந்த பகுதியில், கறுப்பின மக்களும் மெக்சிகோ வழிவந்த மக்களும் வாழும்படி நேர்ந்தது. கறுப்பின மாணவர்க்கென 1926இல் தனி உயர்நிலைப் பள்ளி கட்டினர். பிற்காலத்தில் அது கார்வர் பள்ளி எனப் பெயர் பெற்றது. அவ்வாறு பிரித்து வைப்பது செல்லாது என்று அங்குள்ள நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்புக்கு அது ஓராண்டு முந்தியது. 1954இல் தனிப்பள்ளி மூடப்பட்டது. ஆயினும் மரநிழல் குறைந்து வெப்பம் கூடுதலாக உள்ள தெருக்கள் எவையென்று பார்த்தால், அவை இன்றும் பெரும்பாலும் ஏழை மக்களின் தெருக்களே என்பதை அந்நகரின் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கின்றனர். அத்தகைய ஊரில், கொடிய வெயிற்பக்கத்தில் மனிதரை வைக்காமல் குழாயை வைத்த ஒரு பொதுக்கட்டடம் எழுந்தது என்பதனாலேயே இதனை உங்களிடம் கொண்டுவந்தேன்.

இனித் தெற்கும் வடக்கும். இவ்விரு பக்கங்களும் முழுவதும் கண்ணாடி. தெற்கிலுள்ள கண்ணாடிக்கு வெளியே லூவர் எனப்படும் சாய்வுத் தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ளன. கதிரவன் நகர நகர, கணிப்பொறி அத்தகடுகளைத் திருப்புகின்றது. வெளிச்சம் உள்ளே வரும், நேர்வெயில் வாராது. வடக்கிற்கு வெயிலே இல்லையே என்று நாம் நினைப்போம். பீனிக்ஸ் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 33 டிகிரியில் இருக்கின்றது. ஜூன் மாதத்தில் அங்குக் கதிரவன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. ஏறத்தாழ 28 டிகிரி வடக்கே தள்ளி உதித்து, அதே அளவு வடக்கே தள்ளி மறைகின்றான். எனவே கோடையில் விடியற்காலையிலும் அந்தியிலும் வடக்குக் கண்ணாடியிலும் சாய்வெயில் விழும். அதனைத் தடுக்கக் கப்பற்பாய் போன்ற துணிப்பாய்களை, கண்ணாடிக்குச் செங்குத்தாக, வரிசையாய் நிறுத்தியிருக்கின்றார்கள். தெற்கே உயர்ந்த வெயிலுக்குக் கிடைத்தகடு. வடக்கே தாழ்ந்த வெயிலுக்கு நிலைப்பாய். கதிரவனின் நடையை ஆண்டு முழுவதும் பின்பற்றிச் சென்று வரைந்த வரைவு இது.

கட்டடத்தின் நடுவே ஐந்து தளங்களையும் ஊடுருவும் ஒரு திறந்த வெளி உண்டு. கீழே நீர்த்தடாகம், கண்ணாடியாலான மின்தூக்கிகள், மேலிருந்து இறங்கும் ஒளி. பள்ளத்தாக்கின் அடியில் நின்று வானத்தைப் பார்ப்பதுபோல் இருக்குமென்பர். அதனைக் கடந்து ஐந்தாம் தளத்திற்குச் சென்றால் பெரும் படிப்பகம். ஏறத்தாழ ஓர் ஏக்கர் பரப்புள்ள ஒரே அறை. உயரம் 32 அடி. நம்மூர்க் கணக்கில் நூறு சென்ட் நிலம் ஒரே கூரையின்கீழ் என்று எண்ணிப் பாருங்கள். வடக்கிலும் தெற்கிலும் மலைகளும் நகரமும் தெரியும். மேனோக்கி மெலிந்து செல்லும் தூண்கள் கூரையைத் தொடுவதில்லை. உருக்கு வடங்களும் கம்பங்களும் கொண்ட அமைப்பு ஒன்று கூரையைத் தாங்கி நிற்கின்றது. ஒவ்வொரு தூணின் தலைக்கு நேரே கூரையில் வட்டமான ஒளித்துளை. ஜூன் 21 அளவில், கதிரவன் உச்சியைத் தொடும் கோடைநாளின் நண்பகலில், அத்துளைகளின் வழியே விழும் ஒளி தூண்களின் உச்சியில் மெழுகுவத்திச் சுடரை ஏற்றியதுபோல் படியும். ஆண்டுதோறும் அதனைக் காண மக்கள் கூடுகின்றார்கள். எரிக்கும் கதிரவனை ஆண்டில் ஒருநாள் விருந்தினனாக உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள் போலும்.

நான் இதில் பெரிதும் போற்றுவது அச்சுடரையன்று. அந்தக் கட்டடத்தின் மிகச் சிறந்த அறை, மிகுந்த ஒளியும் மிகப் பரந்த காட்சியும் உள்ள அறை, ஆட்சியாளர் அறையாகவோ கூட்ட மண்டபமாகவோ ஆக்கப்படவில்லை. புனைகதையல்லாத நூல்கள் அங்கே அடுக்கப்பட்டன. அவற்றைப் படிக்க வருகின்றவன் எவனோ, வேலை தேடுகின்றவனோ, தேர்வுக்குப் படிக்கும் மாணவியோ, அவர்களுக்கு அவ்வறை விடப்பட்டது. நம் நாட்டில் பல அலுவலகங்களைக் கட்டியவன் என்ற முறையில் சொல்கின்றேன்: வரைபடம் என் மேசைக்கு வரும்போது, தென்றல் வரும் மூலையில் அதிகாரியின் அறை முன்னரே குறிக்கப்பட்டிருக்கும்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தல் முறையன்று. பாலைவனத்தில் இவ்வளவு கண்ணாடி தேவைதானா என்பது என் ஐயம். மண்சுவர் கட்டி வாழ்ந்த பாலைநிலத்து மக்கள் சிறிய துளைகளையே வைத்தனர். தடித்த மண்சுவரைப் பகல்வெப்பம் கடந்து உள்ளே வருவதற்குப் பல மணிநேரம் ஆகும். அதற்குள் இரவு வந்துவிடும். அந்த அறிவை விட்டுவிட்டு, கண்ணாடியை வைத்துக் கணிப்பொறியால் நிழலிடுவது செலவுமிக்க வழி. தகட்டைத் திருப்பும் மோட்டார் நின்றால் நிழலும் நின்றுவிடும். அன்றியும், உச்சிவெயில் முழுவதையும் ஏற்கும் கூரைக்கு நேர்கீழே பெருங்கூட்டம் அமரும் அறையை வைத்ததால் குளிரூட்டும் செலவு கூடத்தான் செய்யும். ஒளிக்காகவும் காட்சிக்காகவும் அச்செலவை அந்நகரம் ஏற்றுக்கொண்டது. நம்மால் ஏற்க இயலாது.

கட்டியபின் பேணுவதைப்பற்றி ஒரு பாடம் அங்கே 2017இல் கிடைத்தது. அவ்வாண்டு ஜூலை 15 இரவு, கோடைப்புயல் அந்நகரைத் தாக்கியது. காற்றின் விசையால் கூரை அசைந்தெழுந்தது. கிளம்பிய புழுதியைப் புகையென்று கொண்டது தீயறிவிப்புக் கருவி. உடனே தீயணைப்புத் தெளிப்புக் குழாய்களில் நீர் ஏறியது. உள்ளே அரித்துப்போயிருந்த குழாயொன்று அவ்வழுத்தத்தைத் தாங்காமல் உடைந்தது. நெருப்பில்லாத கட்டடத்தில், நூல்களின்மேல், தளந்தளமாக நீர் கொட்டியது. குழாய்கள் அரித்துவருவது முன்னரே ஆய்வுகளில் சுட்டப்பட்டிருந்தும் உரிய காலத்தில் செப்பனிடப்படவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. நூலகம் பதினொரு மாதம் மூடப்பட்டு, 2018 ஜூனில்தான் மீண்டும் திறந்தது. மழை பெய்யாத ஊரில் நூலகம் நீரால் கெட்டது. திறப்புவிழாவிற்குப் பந்தல் போடுகின்றவர்கள் குழாய்க்கு வண்ணம் பூசுவதற்கும் ஆண்டுதோறும் சிறிது பணம் ஒதுக்க வேண்டும்.

பதினொரு மாதம் மூடிக்கிடந்தமையால் நூல்மட்டுமா கிடைக்காமற் போயிற்று? பீனிக்ஸ் நகரில் நூலகம் என்பது கோடையில் உயிர்காக்கும் இடமுமாகும். 2023ஆம் ஆண்டில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசிவரை தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரிக்கு மேல் சென்றது. அந்நகரை உள்ளடக்கிய மாரிகோப்பா மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பம் தொடர்பாக இறந்தோர் 645 பேர் என்று மாவட்ட நலத்துறை கணக்கிட்டது. அவர்களிற் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வீடற்றவர்கள். இத்தகைய கோடையில் நகரத்தின் நூலகங்கள் குளிர்ந்த ஒதுக்கிடங்களாகவும் இயங்குகின்றன. நூல் எடுக்க வந்தாயா, வெயிலுக்கு ஒதுங்க வந்தாயா என்று வாயிலில் கேட்பதில்லை. ஒதுங்க வந்தவன் நாளேடு ஒன்றைப் புரட்டுவான். அவன் பிள்ளை படப்புத்தகம் ஒன்றை எடுக்கும். ஆதலின், பாலைநில நூலகத்தை வரைகின்றவன் உள்ளே எத்தனை நூல் என்று மட்டும் கணக்கிட்டால் போதாது. கதவு திறக்கும் முன் வெளியே காத்து நிற்பவன் எந்த நிழலில் நிற்பான்? குடிநீர் உள்ளேயா, வெளியேயா? பேருந்து நிறுத்தத்திலிருந்து வாயில்வரை தலைக்குமேல் ஏதேனும் உண்டா? இவையே அங்கு உயிர்வினாக்கள்.

இவ்வகையில், பீனிக்சின் வடபகுதியில் 2005இல் திறந்த ஒரு கிளை நூலகத்தையும் குறிப்பிட வேண்டும். அதன் பெயர் டெசர்ட் புரூம். அங்கு வளரும் ஒரு புதரின் பெயர். பாலைவனத்தில் சவாரோ என்னும் பெருங்கள்ளி முளைவிடும்போது தனியே பிழைப்பதரிது. பாலோவெர்டே, இரும்புமரம் போன்ற ஒரு மரத்தின் நிழலில், அம்மரத்தைச் செவிலித்தாயாகக் கொண்டே அது வளர்கின்றது. அவ்வுறவைக் கருத்திற்கொண்டு, அக்கிளை நூலகத்தின் கூரையைச் சுவரோடு நிறுத்தாமல் வெளியே பாலைநிலத்தின்மேல் வெகுதூரம் நீட்டிவிட்டனர். அந்நிழலில் வெளியிலும் அமர்ந்து படிக்கலாம். பெரிய நூலகத்தைவிட இச்சிறியதே நம் கைக்கு எட்டும் பாடம் என்று கருதுகின்றேன்.

இனி, நம் கழகம் கட்டவிருக்கும் நூலகத்திற்கு வருவோம். பீனிக்சைப் பார்த்து அப்படியே வரையலாகாது. அவ்வூர் வறண்டது, அங்கு நூலின் பசை உலர்ந்து அட்டை பெயரும். நம்மூரில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறிப் பூஞ்சையும் பூச்சியும் நூலைத் தின்னும். எனவே நூலடுக்கை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தலாகாது. ஒரு சாண் இடைவெளியேனும் காற்றுக்கு வேண்டும். அங்கு நண்பகற் கதிரவன் எப்போதும் தெற்கே நிற்பான். நாமோ 13 டிகிரிக்கு உட்பட்டவர்கள். சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை நமக்குக் கதிரவன் உச்சிக்கு வடக்கே செல்கின்றான். ஆகவே வடக்குச் சாளரம் என்றாலே குளிர்ச்சி என்று எண்ணாமல், இருபக்கமும் தாழ்வாரம் இறக்க வேண்டும். மேற்கு மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. அங்கே மாடிப்படி, கழிப்பறை, பழைய நாளேடுகளின் கிடங்கு ஆகியவை போகட்டும்.

முன்னர்க் காட்டப்பட்ட மாதிரி வரைபடத்தில், மாடியில் மேற்குப்புறம் பெண்கள் படிப்பறை என்று குறிக்கப்பட்டிருக்கின்றது. வரைந்தவரை நான் குறைகூறவில்லை. மிஞ்சியிருந்த இடத்தை அவர் கொடுத்தார். ஆனால் மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டுவரும் பெண் அமரப்போகும் நேரம் அச்சுவர் கொதிக்கும் நேரம். அவ்வறையைக் கீழ்த்தளத்தின் வடகிழக்கிற்கு மாற்றி, அங்குள்ள தலைவர் அறையையும் குழுக்கூட்ட அறையையும் மேலே கொண்டுபோகுமாறு கேட்டுக்கொள்கின்றேன். குழு மாதம் ஒருமுறை கூடுகின்றது. அதுவும் பெரும்பாலும் இரவில்.

நூலடுக்கு அறையின் தளத்தைப்பற்றி ஒரு சொல். குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குக் கணக்கிடப்படும். நூலடுக்கு அறைக்குக் குறைந்தது 600 கிலோ என்பது விதி; அடுக்கு உயர்ந்தால் அதுவும் கூடும். வீட்டிற்குப் போடுகின்ற கம்பியைப் போட்டு மாடியில் நூலடுக்கை ஏற்றிவிட்டு, ஐந்தாண்டில் தளம் தொய்ந்தது என்று என்னிடம் வந்தவர்கள் பலர். அடுக்குகள் கீழ்த்தளத்திலேயே இருக்கட்டும், செலவும் குறையும். தரைமட்டத்தை மட்டும் தெருவிலிருந்து மூன்றடி உயர்த்திக்கொள்ளுங்கள். நம் தெரு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றது என்பதும், ஏரி நிரம்பினால் நீர் எங்கே வரும் என்பதும் இங்குள்ள யாவரும் அறிந்ததே. அவ்வாறு உயர்த்துமிடத்துப் படிக்கட்டோடு சாய்தளம் ஒன்றும் அமைக்க வேண்டும். வாயிலின் முன்னுள்ள புங்கமரம் இரண்டையும் அடித்தளம் தோண்டும்போது வெட்டிவிடாமல் இருக்க, நான்கடி உள்வாங்கிக் கட்டினால் போதும். அளவைக் குறித்துக் கொடுத்திருக்கின்றேன்.

மேற்கண்டவாறு திருத்திய வரைபடத்தின் மூன்று படிகளைச் செயலாளரிடம் ஒப்படைத்துள்ளேன். மாணவர்களும் அவற்றைப் பார்க்கலாம். குறிப்பாகப் பெண்கள் படிப்பறையின் சாளரங்களைப்பற்றி மாணவியரின் கருத்தைக் கேட்டபின்னரே அவற்றின் உயரத்தை முடிவு செய்தல் நன்று. மதிப்பீட்டுத் தாளின் கடைசி வரியில் ஆண்டுப் பேணுகைக்கென ஒரு தொகை குறித்திருக்கின்றேன். நிதி நெருக்கடி வரும்போது முதலில் அடிக்கப்படும் வரி அதுவாகவே இருக்கும் என்பதால், அதனைத் தனிக் கணக்கில் வைக்குமாறு பொருளாளரை வேண்டிக்கொண்டு அமர்கின்றேன்.